ஆரத்தி நிறம் வந்தால் நிறுத்து

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பயோடீசல் பேச்சை எடுத்ததும் உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றது. அங்கே ஆஸ்திரேலியாவில் மீன் பொரிக்கிற கடைக்காரர் பழைய எண்ணெயைச் சும்மா தருகிறார், வண்டியும் டீசல் வண்டி, பிறகென்னப்பா என்கிறாய். செய்யலாம் தாயி. கல்லூரி லேபில் முப்பது வருஷம் குப்பி கழுவினவன் நான். பேராசிரியரோடு சேர்ந்து இதையும் செய்திருக்கிறேன். பழைய எண்ணெயில் காஸ்டிக் சோடாவும் மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹாலும் சேர்த்து டீசலாக்குகிற வேலைதான். முதல் தடவை கிடைத்தது டீசல் இல்லை, சோப்புக்கூழ்!

காரணம் தண்ணீர். ஹாஸ்டலில் அப்பளம் பொரித்த எண்ணெய், பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. நீ காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டுப் பார். சடசடவென்று தெறித்தால் தண்ணீர் இருக்கிறது. வடிகட்டி, 100 டிகிரிக்கு மேல் காய்ச்சி, தெறிப்பு அடங்கின பிறகு ஆறவிடு.

இன்னொரு தப்பு, காஸ்டிக் சோடாவைக் கைக்கணக்கில் போட்டது. திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். அதற்குத் தக்கபடி சோடாவும் கூட வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 1 கிராம் சோடா கரைத்துக்கொள். 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். அதில் சோடாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கு. ஆச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தி கரைப்பாளே, அந்தச் சிவப்பு வரும். அரை நிமிஷம் நின்றால் நிறுத்து. எத்தனை மில்லி போனதோ அதோடு, புது எண்ணெய்க்கே வேண்டிய 3.5-ஐக் கூட்டினால், லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் சோடா. எங்களுக்கு 2.5 போனது, ஆக 6 கிராம்.

மெத்தனால் லிட்டருக்கு 200 மில்லி. இங்கேதான் உங்கம்மா பயப்படுகிறாள், நியாயமும் இருக்கிறது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது அதுதான். நம்மூரில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. அங்கே சட்டம் என்ன என்று முதலில் விசாரி. ஆவியும் விஷம், கண்ணைக் கெடுக்கும். தீப்பிடித்தால் பகலில் சுடரே சரியாகத் தெரியாது. அடுப்படியில் வேண்டவே வேண்டாம். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி, பக்கத்தில் பொறியோ நெருப்போ இருக்கக் கூடாது. சோடாவை மெத்தனாலில் முழுக்கக் கரைத்து, 55 டிகிரி எண்ணெயில் ஊற்றி, மூடின பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கலக்கு. சூடு 65-ஐத் தொட்டால் மெத்தனால் கொதித்துவிடும்.

மறுநாள் காலையில் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கிளிசரின் இறங்கியிருக்கும். மேலே நிற்பதுதான் உன் சரக்கு. தண்ணீர் விட்டு மூன்று நாலு தடவை மெதுவாகக் கழுவி, நன்றாக உலர்த்து.

அந்தக் கிளிசரினைச் சோப்பாக்குகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமினியச் சட்டியில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தேன். புஸ்ஸென்று நுரைத்துச் சட்டி கறுத்து அரித்துப்போனது. உங்கம்மா இன்னும் அதைத் தூக்கிப் போடாமல் புறவாசலில் வைத்திருக்கிறாள், எனக்குக் காட்டத்தான். நீ ஸ்டீல் பாத்திரம் எடு.

உன் கடைக்காரர் பொரிப்பது எண்ணெயா மாட்டுக் கொழுப்பா என்று கேள். கொழுப்பு என்றால் அதில் வரும் டீசல் 15 டிகிரி பக்கம் வந்தாலே கலங்கத் தொடங்கும், மார்கழியில் நம்ம தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி. குளிர்காலத்தில் பாதி டீசல் கலந்துகொள். பழைய டேங்கில் ஊற்றினால் அடியில் கிடக்கிற கசடெல்லாம் கிளம்பி பில்டரை அடைக்கும்; ஒரு பில்டர் கையில் வைத்துக்கொள். பழைய ரப்பர் குழாயும் இளகிவிடும்.

முதலில் ஒரே ஒரு லிட்டர் போடு. அடியில் கிளிசரின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஜாடியைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா