குழாய்க்குள் பலாப்பழம்

கடலூர் முதுநகர்,
வைகாசி, சனிக்கிழமை இரவு.

அன்பு நண்பா,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கத்திரி வெயிலில் பேனாவைப் பிடித்தாலே கை வழுக்குகிறது, அதனால்தான் தாமதம். முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய். உன் தங்கச்சியிடம் சொன்னேன், “அண்ணன் இனிமேலாவது மாடியில் குடியிருக்க வேண்டாம் என்று எழுதுங்கள்” என்றாள். எழுதிவிட்டேன். இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஓடுகிறது. துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. நல்ல மீன் வேண்டுமென்றால் வள்ளத்துக்காரன் கொண்டுவந்தால்தான், அதுவும் அவன் சொன்னதே விலை.

சரி, உன் சின்னவன் புராஜெக்டுக்காகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் மணிக்கு 1,000 கிலோமீட்டரில் சரக்கு அனுப்ப முடியுமா? “நீ வேக்குவத்தோடு குப்பை கொட்டியவன், சொல்லு” என்று என் தலையில் கட்டிவிட்டாய்.

குப்பை கொட்டியது உண்மை. சிப்காட்டில் நான் ஃபிட்டராக இருந்த காலத்தில் எங்கள் கெமிக்கல் பிளாண்ட் ரியாக்டர் தொட்டி ஆறு கன மீட்டர். அதில் காற்றை உறிஞ்சி, அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்கும்வரை வேக்குவம் பிடிக்க வேண்டும். ஒருநாள் இரவு முள் 90-இல் நின்றுவிட்டது, கீழே இறங்கவே இல்லை. நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசி, ஒவ்வொரு ஃப்ளாஞ்ச் இணைப்பாகத் தடவிப் பார்த்தோம். விடிய ஐந்து மணிக்குத்தான் குமிழி வந்தது. இணைப்புக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல். அவ்வளவுதான் விஷயம், ஒரு ராத்திரி போச்சு.

இப்போது பார். 2013-இல் எலான் மஸ்க் வெளியிட்ட ‘ஹைப்பர்லூப்’ என்ற இதே மாதிரித் திட்டத்தில் குழாய்க்குள் அழுத்தம் 100 பாஸ்கல். நம் கணக்கில் முக்கால் மில்லிமீட்டர், வெளிக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சரக்கு ஏற்றும் கன்டெய்னர் அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59. மூலைக்கு மூலை மூன்றரை மீட்டரைத் தாண்டும். அதைச் சுற்றிக் காற்று விலகப் போக இடம் இல்லாவிட்டால், எவ்வளவு மெல்லிய காற்றானாலும் சிரிஞ்சுக்குள் பிஸ்டன் மாதிரி முன்னால் அடைத்துக்கொள்ளும். ஆக நாலு மீட்டர் விட்டம் என்பதே கஞ்சத்தனமான கணக்கு. அந்த விட்டத்தில் கடலூரிலிருந்து சென்னைக்கு 180 கிலோமீட்டர் போட்டால் உள்ளே 22 லட்சம் கன மீட்டர். என் ஆறு கன மீட்டருக்கே ஒரு ராத்திரி!

பம்ப் வாங்கிவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. எனக்குப் பயம் வெயில்தான். இரும்பு 30 டிகிரி சூடு ஏறினால் இந்த 180 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 65 மீட்டர் நீளும். ராத்திரி திரும்பச் சுருங்கும். அந்த நீட்டலை வாங்கிக்கொள்ள வழிநெடுக மூட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டும் தினமும் அசையும், ஒவ்வொன்றும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இதற்கு மேல் நம் உப்புக் காற்று வேறு. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது மின்கம்பங்கள் எப்படிப் படுத்துக் கிடந்தன என்று நீயும் பார்த்தாய்.

ஆனால் ஒன்று, இதை நடக்காது என்று சொல்ல நான் ஆளில்லை. சென்னைக்குப் பக்கத்தில் தையூரில் ஐஐடி மெட்ராஸ் பிள்ளைகள் 400 மீட்டருக்குச் சற்று அதிகமான குழாய் போட்டே காட்டிவிட்டார்கள். சரக்குக்கு ஒரு சௌகரியமும் உண்டு. மூட்டைக்குத் தலை சுற்றாது, மூச்சுக் காற்றும் வேண்டாம். அதனால் வளைவையும் பிரேக்கையும் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வைக்கலாம்.

என் சந்தேகம் வேறு இடத்தில். போன வாரம் பண்ருட்டியில் மச்சான் தோப்பில் பலா வெட்டு. கூட இருந்து பார்த்தேன். காலையில் மரத்தில் ஏறினார்கள். மதியம் மண்டியில் கொட்டினார்கள். தரம் பிரித்து, விலை பேசி, சண்டை போட்டு, லாரியில் ஏற்ற இரவு எட்டு. கோயம்பேட்டுக்கு ஓட்டம் சுமார் ஐந்து மணி நேரம். அங்கே போய் வியாபாரம் தொடங்கும்வரை லாரி நிற்கிறது. இதில் குழாய் மிச்சப்படுத்துவது அந்த ஐந்து மணி நேரத்தைத்தான். எட்டரைக்கே பழம் போய் இறங்கி, வாங்க ஆள் வரும்வரை அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் கதையும் இதுதானே? ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம்.

எடையையும் பார்க்கச் சொல். நம் சரக்கு ரயில் ஒன்று 90 இருபதடிக் கன்டெய்னரை ஒரே மூச்சில் இழுத்துப் போகிறது. குழாயில் ஒரு வண்டிக்கு ஒன்றுதான். 1,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, வினாடிக்கு ஐந்து மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தாலும் நிற்க ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஆகும், ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த இடைவெளி விட்டுத்தான் அடுத்ததை அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் இரட்டைக் கதவு அறைக்குள் விட்டுக் காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளுவது தனி வேலை. இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு ரயில் சரக்குக்கு மூன்று மணி நேரம்.

அமெரிக்காவில் விர்ஜின் ஹைப்பர்லூப் என்ற கம்பெனி 2020 நவம்பரில் நெவாடா பாலைவனத்தில் இரண்டு பேரை உட்கார வைத்து 500 மீட்டர் தடத்தில் ஓட்டியது. வேகம் மணிக்கு 172 கிலோமீட்டர். 2022-இல் ஆட்கள் வேண்டாம், சரக்கு போதும் என்று திரும்பியது. துபாய் துறைமுகக்காரர்களான டிபி வேர்ல்டுக்கு அதில் பெரும்பங்கு, சரக்கு அவர்கள் கையிலேயே இருந்தது. அப்படியும் 2023 முடிவில் கடையை மூடிவிட்டார்கள். இதைத்தான் சின்னவனை யோசிக்கச் சொல்வேன்.

பாரிஸில் காற்றழுத்தத்தால் குழாய்க்குள் கடிதத்தைத் தள்ளி அனுப்பும் குழாய்த் தபால் 1984 வரை ஓடியது என்பதையும் சொல். கடிதம் இலேசு, அவசரம், இரண்டு முனையிலும் ஆள் காத்திருந்தார்கள். இன்று விமானத்தில் போகிற மருந்து, செல்போன் மாதிரிச் சரக்குக்கு அப்படி ஒரு குழாய் கட்டுப்படியாகலாம். நெய்வேலி நிலக்கரிக்கும் என் மச்சான் பலாவுக்கும் ஆகாது. புராஜெக்டில் வேகத்தை விட்டுவிட்டு, ஏற்றி இறக்குகிற இடத்தை வரையச் சொல். மார்க் போகும் என்று பயந்தால் இரண்டையும் போடட்டும்.

நாளைக் காலை சேலம் பஸ்ஸில் ஒரு பலா ஏற்றி விடுகிறேன். பஸ் நம்பரைப் போனில் சொல்கிறேன். பையனை அனுப்பி பஸ் ஸ்டாண்டில் நிற்க வை. போன தடவை மாதிரி தாமதமாகப் போய், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. கனிய இன்னும் இரண்டு நாள் ஆகும், அதற்குள் வெட்டிவிடாதீர்கள்.

உன்,
கடைசி பெஞ்சுக் கூட்டாளி