எந்த வழியாக வந்தீர்கள் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளைக்கதை ஆட்டங்களைப் பற்றி, அதாவது அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுத்து, அதற்கேற்பக் கிளை பிரிந்து போகும் கணினிக் கதைகளைப் பற்றி, ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், மறுவாரம் அதற்கு வாசகர்கள் எழுதிய கருத்துகளையும் படித்தேன். இந்த ஆட்டங்களுக்கு ஒரு நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே சந்தோஷம். ஆனால் வந்த கருத்துகளில் பெரும்பாலானவை “முடிவு பிடிக்கவில்லை”, “சப்பென்று முடிந்துவிட்டது” என்ற ரகம். எந்த முடிவு? கட்டுரையில் வந்த ஆட்டத்துக்கு ஏழு முடிவுகள் உண்டு என்று அந்தக் கட்டுரையே சொல்கிறதே!

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மெய்ப்புப் பார்த்த கண் சும்மா இருக்காது. இப்போது இளம் எழுத்தாளர்கள் சிலர் தங்கள் ஆட்டத்தை வெளியிடும் முன் எனக்கு அனுப்புகிறார்கள். ஆடிப் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துக்கு இரண்டே தெரிவு, அப்படி ஐந்து முறை தேர்ந்தெடுக்க வேண்டும், கிளைகள் எங்கும் ஒன்றுசேர்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். முடிவுகள் மட்டும் 32. முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சேர்த்தால் 63 பக்கங்கள். ஒருமுறை ஆடுகிறவர் கண்ணில் படுவது அதில் 6. மீதி 57 பக்கங்களைப் பார்க்காதவர் “கதை சுமார்” என்று எழுதினால், ஆட்டத்தை எழுதியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பத்து முறை தேர்ந்தெடுப்பதானால் முடிவுகள் 1,024. அத்தனையையும் எவரும் எழுத முடியாது. அதனால்தான் கதையைப் பிரித்துவிட்டு, சில இடங்களில் மறுபடி ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

கோளாறுகள் பெரும்பாலும் அந்தச் சேருமிடத்தில்தான் ஒளிந்திருக்கும். அண்மையில் நான் பார்த்துக் கொடுத்த ஒரு ஆட்டத்தில், இறந்துபோன அக்காவின் அறையை ஒழிக்க வருகிறாள் தங்கை. ஒரு டிரங்குப் பெட்டி, அதன் சாவி, கூடவே வந்திருக்கும் தம்பி. சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடலாம், அல்லது தானே வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிளைகளும் மாடிப்படியில் வந்து சேர்கின்றன. நான் கொடுத்துவிட்டுத்தான் படியேறினேன். அடுத்த பக்கத்தில், “உள்ளங்கையில் சாவி வியர்வையில் நனைந்திருந்தது” என்று ஒரு வரி. நல்ல வரிதான். ஆனால் சாவி என்னிடம் இல்லையே!

எனக்கு முன்பே அதை ஆடிப் பார்த்த நண்பர்கள் “ரொம்ப உருக்கம்” என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் “நடுவில் ஏதோ இடிக்கிறது” என்று எழுதியிருக்கிறார். ஏதோ! அந்த ஒரு சொல்லை நம்பி, ஆட்டத்தை எழுதிய பெண் நடுப்பகுதி முழுவதையும் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறாள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: “சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன், மாடிக்குப் போனேன். படியேறும் பக்கத்தில் சாவி என் கையிலேயே இருக்கிறது.” சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஆட்டம் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்து, அந்த வரியை இரண்டு விதமாக எழுதியதும் வேலை முடிந்தது.

இதை ஆடுகிறவர்தான் சொல்லியாக வேண்டும். 2009இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ட்வைன் என்ற இலவசக் கருவியில்தான் பலரும் இவ்வகைக் கதைகளை எழுதுகிறார்கள். எழுதுகிறவர் திரையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டமாகவும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறிகளாகவும் மொத்தக் கதையும் வரைபடம்போல விரிந்து கிடக்கும். ஆடுகிறவருக்கோ கண்முன் இருக்கும் பக்கம் மட்டும்தான். பக்கத்தின் பெயர்கூடத் தெரியாது. ஆகவே அதன் முதல் வரியைக் குறித்து அனுப்பினால் போதும், அல்லது ஒரு ஸ்க்ரீன்ஷாட். கட்டளையை டைப் அடித்து ஆடும் பழைய வகையில் இந்தத் தொல்லை குறைவு. பல ஆட்டங்களில் ‘ஸ்கிரிப்ட்’ என்று அடித்தால் போதும், அதன்பின் நடப்பதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகிவிடும். க்ளிக் செய்து ஆடும் கதைகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

வழியைச் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தெரிவை அழுத்தும்போது என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது? அதே ஆட்டத்தில் “தம்பியிடம் பேசு” என்று ஒரு தெரிவு. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று அழுத்தினேன். தங்கை அவனைப் பார்த்து, “நீ ஆஸ்பத்திரிக்கே வரலையே” என்று கத்துகிறாள். காட்சி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இப்படி ஒரு குறிப்பு கிடைத்தால் எழுதுகிறவருக்கு அது தங்கம். அவருக்கு அந்தக் கோபம் முன்பே தெரியும். நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. “வசனம் சரியில்லை” என்று மொட்டையாக எழுதியிருந்தால், எழுதிய பெண் ஒரு நல்ல வசனத்தை அடித்திருப்பாள்.

உங்கள் வாசகர் ஒருவர் “எதைத் தேர்ந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது, ஏமாற்று வேலை” என்று எழுதியிருந்தார். இதில் எனக்கு உடன்பாடில்லை. கிளைகள் சேர்வது ஏமாற்றல்ல. சேர்ந்த பிறகு, நான் முன்பு செய்ததைக் கதை மறந்துவிட்டால்தான் ஏமாற்று. வேறொரு முடிவு வேண்டும் என்றுகூட இல்லை, தம்பி என்னை நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னால் அதுவே போதும். (“7 முடிவுகளில் 3ஆவது” என்று கடைசியில் எண் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அழவைத்த கையோடு மதிப்பெண் பட்டியலை நீட்டுவானேன்?)

முதல்முறை ஆடும்போது பின்னால் போகும் பொத்தானைத் தொடாமல் ஆட வேண்டும் என்பது என் கட்சி. ஒவ்வொரு தெரிவுக்கும் திரும்பி வந்து மற்றதையும் எட்டிப் பார்த்தால், எதையும் இழந்த உணர்வே வராது. அப்புறம் “கதை மனதைத் தொடவில்லை” என்று எழுதுவதில் நியாயமில்லை. பிழை தேடுவதற்கு இரண்டாம் முறை இருக்கிறது. இவ்வகை ஆட்டங்களுக்காக 1995 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் இன்டராக்டிவ் ஃபிக்ஷன் காம்படிஷன் என்ற போட்டியில் நடுவர்கள் முதல் இரண்டு மணி நேர ஆட்டத்தை வைத்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும் என்பது விதி. கால் மணி நேரத்தில் முடிகிற கதையை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். நம் வாசகர்கள் இரண்டு முறையாவது ஆடலாம் அல்லவா?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை இப்படிக் கருத்துகளை வெளியிடும்போது, கருத்து எழுதியவர் எந்த வழியில் போனார், எத்தனை முடிவுகளைப் பார்த்தார் என்று கருத்தின் கீழே ஒரு வரி போடுங்கள். முடிவுகளைப் பக்கத்தில் உடைத்துவிட வேண்டாம். அவற்றைத் தனியே, ஆட்டத்தை எழுதியவருக்கு அனுப்பிவிடலாம். சென்ற முறை பெட்டிச் செய்தியாக ஒரு முடிவைப் போட்டுவிட்டீர்கள். நான் இன்னும் அந்தக் கிளைக்கே போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், தங்கள் நெடுநாள் வாசகி