என் தம்பியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

தம்பி தேறிவிட்டான். இரண்டு ஊன்றுகோல் ஒன்றாகியிருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும், அது எனக்கே தாங்காது. அதனால் சேர்த்து எழுதுகிறேன்.

நடந்ததைப் பலர் அரையும் குறையுமாகத்தான் கேட்டிருப்பீர்கள். தம்பி ஒரு சரக்குக் கப்பலில் போசன், அதாவது தளத்து வேலையாட்களுக்குத் தலைவன். கப்பல் சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று நேரம், தென்சீனக் கடலில் நாலு மீட்டர் அலை. முன்தளத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும் குழாயின் மூடி பெயர்ந்து உள்ளே தண்ணீர் போகிறது என்று தெரிந்ததும், கேப்டன் வேகத்தைக் குறைத்து, தளத்தில் தண்ணீர் அடிக்காதபடி கப்பலைத் திருப்பிக் கொடுத்த பிறகே மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். வேலை முடிந்து திரும்பும்போதுதான் அந்த ராட்சத அலை வந்தது. மற்ற அலைகள் வந்த பக்கத்திலிருந்து இல்லை, குறுக்கே.

"அதுக்கு முன்னாடி ஒரு பள்ளம் விழுந்துச்சுக்கா. கப்பல் இறங்குது, இறங்கிட்டே இருக்கு. நிமிர்ந்து பார்த்தா தண்ணி தலைக்கு மேல நிக்குது." இதைத்தான் அவன் முதல் நாளிலிருந்து சொல்கிறான். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை. தொடை எலும்பு முறிந்தது, விலாவும் முறிந்தது.

முதல் நன்றி அவனோடு நின்ற இரண்டு பேருக்கு. ஒருவர் பிலிப்பீன்ஸ்காரர், இன்னொருவர் ராமநாதபுரத்துப் பையன். அடுத்த அலை வருவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்துத் தளத்தோடு தளமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்புறம் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிய இரண்டாம் அதிகாரிக்கு. சாட்டிலைட் போனில் எங்கிருந்தோ ஒரு டாக்டர் சொல்லச் சொல்ல, இரவு முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடி பார்த்தாராம். விடிந்து, கப்பல் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஹெலிகாப்டர் போனது. ஏற்பாடு செய்த சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தாருக்கும், பறந்துபோன ஆகாயப் படையினருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கயிற்றில் இறங்கித் தம்பியைத் தூக்குப்படுக்கையில் கட்டியவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தலைக்கவசத்துக்குக் கீழே மீசை மட்டும் தெரிந்ததாம். இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த மீசைக்காரரைத் தெரியுமென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இங்கே சிங்கப்பூரில், கரையில். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பி, சாப்பாடு போட்டு, கேட்காமலேயே துணியையும் துவைத்துக் காயப்போட்ட எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கு. இரவு நேர வார்டில் இருந்த தமிழ்த் தாதிக்கு. வலியில் அவன் ஊர்ப் பாஷையில் கத்தியதெல்லாம் அவருக்குத்தான் புரிந்தது. விடுப்பு கேட்பதற்கு முன்பே "நீங்க போங்க" என்ற என் மேற்பார்வையாளருக்கு. பிஸ்கட்டும் பூவுமாக வந்து நின்ற தேக்கா கடை அண்ணனுக்கு. ஆஸ்பத்திரிக்கு எதற்கு மல்லிகைப்பூ என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இவ்வளவு பேர் இருந்தும் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து வந்த முதல் கேள்வி "சுனாமியா?" என்பது. கடலோரத்து மணப்பாடு எங்கள் ஊர், அந்த ஊர்க்காரர்களுக்கு 2004 மறக்காது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இல்லை என்றதும் பேச்சு மாறியது. "அலைன்னா வரும்தான், இவன் ஓரமா நின்னிருப்பான்" என்றார் ஒருவர். "மத்த அலையெல்லாம் நாலு மீட்டராம், இது மட்டும் ரெண்டு ஆள் மூணு ஆள் உயரமாம்" என்று இன்னொருவர் சிரித்தது போனிலேயே கேட்டது. கப்பல் நிறுவனத்திலிருந்து வந்த படிவத்திலும் கவனக்குறைவா என்றொரு கேள்வி, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்பா மட்டும் உடனே நம்பினார். கட்டுமரத்தில் மீன்பிடித்துப் பிழைத்தவர். "அப்படி ஒண்ணு வரும்மா. கூட்டத்துல ஒண்ணு தனியா எந்திரிக்கும்" என்றார், அவ்வளவுதான். படிவத்தில் அப்பா சொன்னதை எழுத முடியாதே.

அப்போதுதான் எங்கள் புளோக்கின் ஒன்பதாவது மாடிக் கேப்டன் ஐயா வந்தார். கப்பலை விட்டு ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனவர், லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவே பழக்கம். இந்த மடலில் பாதி அவருக்குத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, "எந்தப் பக்கம் பள்ளம் விழுந்துச்சு தம்பி?" என்று கேட்டார். தம்பி அவர் பக்கம் திரும்பினான்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், ஏனென்றால் சிரித்தவர்களும் இதைப் படிப்பார்கள். நாலு மீட்டர் அலை என்று வானிலை அறிக்கையில் போட்டால் அதுதான் பெரிய அலை என்று அர்த்தமில்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதற்குப் போட்ட சராசரி அது. அந்த அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் ராட்சத அலை என்பார்கள். வெறும் கணக்கின்படியே ஏறக்குறைய 3,000 அலைக்கு ஒன்று அப்படி எழலாமாம். பத்து நொடிக்கு ஓர் அலை என்றால், ஒரே இடத்தில் நின்று எண்ணினால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆக, நாலு மீட்டர் கடலில் எட்டு மீட்டருக்கு மேல் ஒன்று கிளம்புவது கட்டுக்கதை இல்லை. தளத்தில் நிற்கிற மனிதனுக்கு அதுவே அதிகம்.

எப்படிக் கிளம்புகிறது? வெவ்வேறு திசையிலிருந்து வரும் அலைக்கூட்டங்கள், திருவிழாவில் இரண்டு மூன்று ஊர்வலம் ஒரே சந்தியில் முட்டிக்கொள்வதுபோல, ஓரிடத்தில் ஒரே கணத்தில் முகடோடு முகடு சேர்ந்துவிடும். சில நொடி நிற்கும், கலைந்துவிடும். தென்னாப்பிரிக்காவுக்கு அருகே அகுல்யாஸ் நீரோட்டம் மாதிரி இடங்களில் அலை ஓட்டத்துக்கு எதிரே போய் முட்டி நெருங்கி உயரும், அங்கே ஆபத்து இன்னும் கூடுதல். சுனாமிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆழ்கடலில் சுனாமி கப்பலுக்குக் கீழே போனால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இது ஆழ்கடலிலேயே கொல்லும். செங்குத்தாக நின்று, உடைந்து விழுவதுதான் அதன் அபாயம். பெரிய கப்பல் என்றால், கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையின் கண்ணாடி நொறுங்கும். 2001-இல் தென் அட்லாண்டிக்கில் பிரேமன் என்ற பயணக் கப்பலுக்கு அப்படித்தான் ஆனது, இயந்திரமும் நின்று கடலில் மிதந்தது. சின்னப் படகு பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்ந்தே போகும்.

மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியும் படித்தவர்கள் நம்பவில்லையாம். 1978 டிசம்பரில் அட்லாண்டிக்கில் மியூன்ஷென் என்ற ஜெர்மானியக் கப்பல் ஆட்களோடு காணாமல் போனது. தண்ணீர் மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே தொங்கிய உயிர்காப்புப் படகு ஒன்று கிடைத்தபோது, அதைப் பிடித்திருந்த இரும்பு முளைகள் வளைந்திருந்தன. அப்படியும் நம்பாதவர்கள் இருந்தார்கள். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் டிராப்னர் என்ற நார்வே எரிவாயு மேடையில், கீழ்நோக்கிப் பொருத்தியிருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலை ஒன்றைப் பதிவு செய்தது. முன்னே சொன்ன சராசரிக் கணக்கில் அப்போது கடல் சுமார் 12 மீட்டர்தான். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். 2020 நவம்பரில் கனடாவின் மேற்குக் கரையில் யுக்ளூலெட் அருகே ஒரு மிதவை 17.6 மீட்டரைப் பதிந்தது, சுற்றுக்கடல் ஆறு மீட்டர்தான். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. எனக்கு இதில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். மனுஷன் சொன்னால் பொய், மெஷின் சொன்னால் மெய்.

கேப்டன் ஐயா அதோடு நிற்கவில்லை. தம்பியின் வாக்குமூலத்தை அவரே கேட்டு எழுதினார்: நேரம், கப்பல் போன திசை, காற்றின் திசை, பள்ளம் விழுந்த பக்கம். "எத்தனை மீட்டர்னு எழுதாதே, அளந்தவன் யாருமில்லை, பார்த்ததை மட்டும் எழுது" என்றார். ராமநாதபுரத்துப் பையனிடம் கேட்கச் சொன்னவரும் அவர்தான். அவன் அனுப்பிய படத்தில் முன்தளத்துக் கைப்பிடிக் கம்பி உள்பக்கமாக மடிந்து கிடந்தது. பக்கத்திலிருந்த இரும்பு ஏணி திருகிப்போயிருந்தது. தினமும் துருப்பிடிக்காமல் தம்பி பெயின்ட் அடித்துப் பார்த்துக்கொண்ட கம்பி அது. மடிந்த இடத்தில் மட்டும் பெயின்ட் செதில் செதிலாக விட்டிருந்தது. படத்தையும் வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பினோம். அந்தக் கட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சிகிச்சைச் செலவுக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

தம்பியைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக் கோஷ்டிக்கும் நன்றி. "நம்ம கடல்லயும் இப்படி வருமா?" என்று கேட்டுக் கேப்டன் ஐயாவை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டீர்கள். சுற்றிலும் தீவுகள் அணைத்த நீரிணை இது, ஆழ்கடல் மாதிரி இங்கே எழாது என்றார். உங்களுக்குப் பயம் இரண்டு: கிட்டே போகிற பெரிய கப்பல் விட்டுச்செல்லும் அலை, அப்புறம் அதிகாலையில் வரும் சுமத்ரா காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அது திடீரென்று வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். அலையைப் பக்கவாட்டில் வாங்காதீர்கள், உயிர்காப்புச் சட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்காதீர்கள் என்றார். இரண்டாவதைச் சொன்னபோது உங்களில் யார் தலையைக் குனிந்தது என்று நான் பார்த்தேன்.

கோஷ்டியார் உறையில் போட்டுத் தந்த பணத்தில் மிச்சம் இருக்கிறது. திருப்பித் தந்தால் வாங்க மாட்டீர்கள். ராமநாதபுரத்துப் பையன் அடுத்த முறை கப்பல் இங்கே வரும்போது கரையிறங்கினால் ஒரு நல்ல போன் வாங்கித் தரலாம் என்று தம்பி சொல்கிறான். பழையது அன்றைக்கு நனைந்து, அந்தப் படத்தை எடுத்ததோடு போய்விட்டதாம். யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. என் வீட்டு அடுப்படியில் யார் யாருடையவோ டிஃபன் கேரியர்கள் வரிசையாக இருக்கின்றன. மூடியில் நீலப் பெயின்ட் புள்ளி வைத்தது ஒன்று, கைப்பிடி ஆடுவது ஒன்று, அடியில் சீன எழுத்து இருப்பது ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்போம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் பாத்திரமாகத் தர மாட்டேன்.

அன்புடன்,
தம்பியின் அக்கா, ஈஷூன்