ஒரு கிராம் சுண்ணாம்புக்கல்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, வலது முழங்கால். காரையில் வழுக்கி விழுந்துவிட்டேன். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைதான். முப்பத்தோரு வருடம் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் குப்பை கொட்டியவன், ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத இடம் அது. சின்னவள் திருச்சியில் எம்.எஸ்சி. நிலவியல் படிக்கிறாள் அல்லவா, அவள் இழுத்துக்கொண்டு போனாள்.

போய்ப் பார்த்தால் காடும் இல்லை, கழனியும் இல்லை. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்துப் போட்ட காவி நிறக் களிமண் மேடுகள், நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலான ஓடைப் பள்ளங்கள். முந்தின நாள் மழை வேறு. ஆளுக்கு ஒரு கிலோ மண் செருப்பில் ஒட்டிக்கொண்டது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சின்னவள் கைகொடுத்துத் தூக்குவாள் என்று பார்த்தால், என் பக்கத்தில் கிடந்த எதையோ பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கல். பெலம்னைட்டாம். நம் கணவாய்க்கு ஏதோ ஒன்றுவிட்ட தாத்தா முறை. அதன் உடம்புக்குள் இருந்த கெட்டித் தண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு.

அப்புறம் ஒரு அம்மோனைட் துண்டு காட்டினாள், சுருள் ஓட்டோடு திரிந்து அழிந்துபோன கடல் பிராணி. உங்கள் அம்மா பூஜை அறையில் ஒரு சாலிகிராமம் வைத்திருந்தாரே, நாம் தொடக்கூடாது என்பாரே, அதே சுருள். நேபாளத்துக் கண்டகி நதிக் கல்லில் இருப்பதும் இந்தப் பிராணியின் அச்சுதான். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கடல். இங்கேயும் கடல். அண்டார்டிகாவிலிருந்து நம் துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது கரையோரம் பள்ளம் விழுந்து, கடல் உள்ளே வந்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து நீ பஸ் ஏறி, வெயிலில் வெந்து, எங்கள் ஊரைத் திட்டிக்கொண்டே இறங்குவாயே, அந்த வழியெல்லாம் கடல்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு வேலை செய்தாள். கொள்ளிடத்து மண் ஒரு பிடி, தண்ணீர், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வைத்தாள். மணல் அந்த நிமிஷமே அடியில் உட்கார்ந்துவிட்டது. வண்டல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது பார்க்கிறேன், தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. களிமண் அவ்வளவு பொறுமையாக இறங்குமாம். ஆறு கடலில் கலக்கும்போதும் இதே கதை. மணல் கரையோரம் தங்கிவிடும், நுண்ணிய சேறு மட்டும் ஆழத்துக்குப் போய் அசையாத தண்ணீரில் படியும். ஆகவே ஓரிடத்தில் மணற்கல்லா களிக்கல்லா என்று பார்த்தாலே, கரை அன்றைக்குப் பக்கத்தில் இருந்ததா தூரத்தில் இருந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேலே மேலே பாரம் ஏற ஏற உள்ளே இருக்கிற நீர் பிழிந்து வெளியேறும். கரைந்து வந்த சுண்ணாம்போ சிலிக்காவோ மணிகளுக்கு நடுவே புகுந்து ஒட்டவைக்கும். நிலவியல்காரர்களும் அதற்கு சிமெண்ட் என்றுதான் சொல்கிறார்கள், மாப்ளே! காரைக் களியில் அந்த சிமெண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. என் முழங்கால் சாட்சி.

களிமண்ணின் வெடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் ஓடிக்கிடக்கிறது. சின்னவள் போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். சாம்பல் நிறக் களிக்கல், அதில் இதே மாதிரி வெள்ளைக் கோடுகள். காரையில் வேறு இடமா என்று கேட்டேன், செவ்வாய் என்றாள். 2012-இல் அங்கே கேல் என்ற பள்ளத்தில் இறங்கிய நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த படம். அந்தக் கோடுகள் கால்சியம் சல்பேட், ஜிப்சம் வகையறா. அதாவது 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரி இருந்து சேறு படிந்திருக்கிறது. அந்தச் சேறு கல்லாகி வெடித்த பிறகும் வெடிப்புக்குள் தண்ணீர் ஓடியிருக்கிறது. ஏரி வற்றினால் எல்லாம் முடிந்தது என்றுதானே நாம் நினைப்போம்? பக்கத்திலேயே ஓடை உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கல் அடுக்கும் இருந்ததாம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. எங்கள் ஆய்வகத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சுண்ணாம்புக்கல் தூள் ஒரு கிராம் எடைபோட்டு, குரூசிபிள் என்ற சின்னக் கிண்ணத்தில் வைத்து, மஃபிள் ஃபர்னஸ் உலையில் ஆயிரம் டிகிரிக்கு ஏற்றி, ஈரம் ஏறாத டெசிகேட்டர் ஜாடியில் ஆறவைத்து மறுபடி எடை போடுவேன். எவ்வளவு குறைந்ததோ அதுதான் எல்.ஓ.ஐ., அதாவது சூட்டில் போன எடை. சுத்தமான கல் என்றால் 0.44 கிராம் போய்விடும், எங்கள் கல்லில் களி கலந்திருப்பதால் கொஞ்சம் குறைச்சல். ரிஜிஸ்தரில் 'இழப்பு' என்ற கட்டத்தில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

அந்த இழப்பு கரியமில வாயு. காற்றில் இருந்தது மழையில் கரைந்து, பாறையைத் தின்று, ஆற்றோடு கடலுக்குப் போய், சிப்பியின் ஓடாகி, ஓடு குவிந்து கல்லானது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் உள்ளங்கை அளவு சிப்பிகள் அடை அடையாக இருக்கும். ஏழு கோடி ஆண்டுப் பழசு. லாரியில் ஏற்றும்போது நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை, டன் கணக்குதான் பார்த்தோம். வெள்ளிக் கிரகத்தில் இப்படிக் கல்லுக்குள் பூட்டிவைக்கக் கடல் இல்லை. வாயு அவ்வளவும் மேலேயே நிற்கிறது. நம்மைப் போலத் தொண்ணூறு மடங்கு காற்றழுத்தம், தரையில் 460 டிகிரிக்கும் மேல் சூடு. பூமியில் கல்லுக்குள் கிடப்பதையெல்லாம் வெளியே விட்டால் ஏறக்குறைய அந்த அளவுக்கு வருமாம்.

குற்ற உணர்ச்சியில் புலம்புகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தச் சம்பளத்தில்தான் சின்னவள் படிக்கிறாள், நீ கட்டின வீட்டிலும் எங்கள் மூட்டை இருக்கிறது. முப்பத்தோரு வருடம் அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவனும் கேட்கவில்லையே, நானும் கேட்கவில்லையே என்பதுதான் ஆச்சரியம்.

சரி, உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். தை பிறந்ததும் வா, மழை ஓய்ந்திருக்கும், காரைக்குப் போவோம். நல்ல பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

உன்,
அரியலூரான்