நடக்காத ஆட்டங்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2020 நவம்பர் 9

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: ரொறன்ரோ வுல்ஃப்பாக் றக்பி அணியின் 2020 பருவகால ஆட்டங்களுக்காக உங்களிடம் கட்டிய 6,270 டொலர்

வணக்கம்.

இந்த வருடம் ஜனவரியில், ஸ்காபரோவில் உள்ள 11 குடும்பங்களின் சார்பில் உங்கள் பயண நிறுவனத்திடம் 38 பேருக்கான றக்பி பக்கேஜ் ஒன்றை வாங்கினேன். ஆளுக்கு 165 டொலர். ரொறன்ரோ லாம்போர்ட் அரங்கில் வுல்ஃப்பாக் அணி ஆடும் மூன்று சூப்பர் லீக் (இங்கிலாந்து றக்பி லீக்கின் முதல் தரம்) ஆட்டங்களுக்கு ரிக்கெற், ஸ்காபரோவில் இருந்து போய்வர பஸ், மதியச் சாப்பாடு என்பது ஒப்பந்தம். மொத்தப் பணமும் ஒரே காசோலையாகத் தரப்பட்டது, அது உங்கள் கணக்கில் மாறியும் விட்டது. அந்த மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. இனி நடக்கப்போவதும் இல்லை. பணம் மட்டும் இன்னும் உங்களிடமே இருக்கிறது.

தொலைபேசியில் கதைத்தும் மின்னஞ்சல் போட்டும் ஒன்றும் ஆகாதபடியால்தான், நடந்ததை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

முதலில், இந்த ஆட்டங்களை நாங்கள் ஏன் இவ்வளவு எதிர்பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். நான் கண்டியில் வளர்ந்தவன். நித்தவெல மைதானத்தில் ஆட்டம் என்றால் அந்தப் பக்கத்துத் தெருவெல்லாம் சனம் நிறையும். அங்கே நான் பார்த்தது 15 பேர் ஆடும் றக்பி யூனியன். வுல்ஃப்பாக் ஆடுவது 13 பேர் ஆடும் றக்பி லீக். ஆறு தடவை பிடித்து விழுத்தினால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால் ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கனடாவுக்கு வந்த பிறகு றக்பியைக் கிட்டே இருந்து பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. 2017 இல் இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் தரத்தில் ரொறன்ரோ அணி ஒன்று ஆடத் தொடங்கியது. அத்திலாந்திக் கடலைத் தாண்டி இப்படி ஒரு அணி விளையாடியது அதுவே முதல் தடவை. முதல் வருடமே அந்தத் தரத்தை வென்று மேலே போனார்கள். 2018 இல் சூப்பர் லீக் வாசல்வரை வந்து, சொந்த அரங்கிலேயே லண்டன் புரொங்கோஸிடம் 4-2 என்று தோற்றார்கள். 2019 ஒக்டோபர் 5 ஆம் திகதி ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸை 24-6 என்று வென்று சூப்பர் லீக்குக்குள் நுழைந்தார்கள்.

அந்த ஒக்டோபர் ஆட்டத்துக்கு நாங்கள் சில குடும்பங்கள் சொந்தச் செலவில் போயிருந்தோம். அன்றைக்கு 9,974 பேர் வந்திருந்தார்கள். லாம்போர்ட் சின்ன அரங்கு. முன் வரிசையில் இருந்தால் தோளும் தோளும் மோதுகிற சத்தம் காதில் விழும். அமெரிக்க உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய பிள்ளைகள், தலைக்கவசமும் பெரிய தோள்கவசமும் இல்லாமல் இவர்கள் மோதுவதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். பந்தை ஏன் எல்லாரும் பின்பக்கமாகவே எறிகிறார்கள் என்று பக்கத்து வீட்டுச் சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாம் பாதியில் அவனே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டான். திரும்பி வரும்போதே அடுத்த வருடம் எல்லாரும் சேர்ந்து வருவது என்று முடிவெடுத்தோம். அப்புறம்தான் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது.

விளம்பரத்தில் சொனி பில் வில்லியம்ஸின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். நியூசிலாந்துக்காக இரண்டு உலகக் கிண்ணம் வென்ற ஆட்டக்காரர் ரொறன்ரோவுக்கு ஆட வருகிறார் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? தமிழ் நிறுவனம், நம்ம ஆட்கள், ஏதும் பிரச்சினை என்றால் நேரே போய்க் கதைக்கலாம் என்று நம்பித்தான் மற்றக் குடும்பங்களும் என் கையில் காசைத் தந்தார்கள். அதில் இரண்டு குடும்பங்கள் ஓய்வூதியத்தில் வாழ்பவை. ஒருவர் உணவகத்தில் வேலை செய்தவர், மார்ச்சில் வேலை போய்விட்டது. 165 டொலர் அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை.

சரி, கொவிட் கொள்ளைநோய் வந்தது. அதற்கு உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. இங்கே குளிர் என்பதால் வருடத்தின் முதல் ஆட்டங்களை வுல்ஃப்பாக் இங்கிலாந்திலேயே ஆடுவதும், ஏப்ரலில்தான் ரொறன்ரோவுக்கு வருவதும் திட்டம். அங்கே ஆடிய ஆறு சூப்பர் லீக் ஆட்டங்களிலும் தோற்றார்கள். மார்ச் 11 ஆம் திகதி லீக்கில் சேராத சலஞ்ச் கிண்ணப் போட்டியில் ஹடர்ஸ்ஃபீல்ட் அணியை 18-0 என்று வென்றார்கள். அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் இதைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. அன்றிரவே என்.பி.ஏ. கூடைப்பந்து நிறுத்தப்பட்டது. மார்ச் 16 இல் சூப்பர் லீக்கும் நின்றது, மறுநாள் ஒன்ராறியோவில் அவசரநிலை. வெளிநாட்டில் இருந்து கனடாவுக்கு வருகிற எவரும் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற சட்டமும் அந்த மாதமே வந்துவிட்டது. வாராவாரம் இங்கிலாந்தில் இருந்து ஒரு அணி வந்து ஆடிவிட்டுப் போவது முடியாது என்பது அப்போதே தெளிவு.

ஆனாலும் நாங்கள் அவசரப்படவில்லை. மார்ச்சில் நான் உங்களுக்கு எழுதிய மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை. ஆட்டங்கள் எப்போது என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்டேன். ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டுள்ளன, பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. பொறுத்திருந்தோம். உங்களுக்கும் வியாபாரம் படுத்திருக்கும், சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மற்றக் குடும்பங்களுக்கு உங்கள் பக்கம் நின்று நானே சொன்னேன்.

ஜூலையில் நிலைமை மாறியது. ஜூலை 18 ஆம் திகதி, புளூ ஜேஸ் பேஸ்போல் அணி சொந்த ஊரான ரொறன்ரோவில் ஆடுவதற்கே மத்திய அரசு அனுமதி மறுத்தது, அவர்கள் பஃபலோவுக்குப் போய் ஆடினார்கள். ஜூலை 20 இல் வுல்ஃப்பாக் இந்த வருடம் இனி ஆடாது என்று விலகியது. ஆட்டக்காரர்களுக்கு ஜூன் மாதச் சம்பளம்கூடப் போய்ச் சேரவில்லை. சூப்பர் லீக் தொலைக்காட்சி வருமானத்தில் அந்தக் கழகத்துக்குப் பங்கில்லை. எதிரணிகளின் விமானச் செலவையும் தங்குமிடச் செலவையும்கூட அதுவே பார்க்க வேண்டியிருந்தது. சொந்த அரங்கில் ஆட்டமே இல்லாமல் அது எத்தனை மாதம் தாங்கும்? ஓகஸ்டில் லீக் திரும்பத் தொடங்கியபோது வுல்ஃப்பாக் இல்லை. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர்கள் ஆடிய லீக் ஆட்டங்களின் முடிவுகளும் அட்டவணையில் இருந்து அழிக்கப்பட்டுவிட்டன. அந்த அணியை நேசித்த எங்களுக்கு அது பெரிய அடி.

என் புகார் தொடங்குவது இந்த ஜூலை 20 இல் இருந்துதான். அதற்கு முதல் நடந்ததற்குக் கொள்ளைநோயைக் காட்டலாம். அதற்குப் பிறகு நடந்தது உங்கள் நிறுவனம் எடுத்த முடிவு.

விலகல் செய்தி வந்த அடுத்த நாள் நான் அழைத்தேன். தொலைபேசி எடுத்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார், அவரில் எனக்குக் கோபம் இல்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஓகஸ்ட் நடுவில் உங்களிடம் இருந்து வந்தது ஒரு வவுச்சர். 2021 பருவகாலத்தில் இதே பக்கேஜுக்குப் பாவிக்கலாம், பணமாக மாற்ற முடியாது என்று அதில் அச்சடித்திருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிய வவுச்சர் அது. 2021 இல் அந்த அணி ஆடுமா இல்லையா என்று இங்கிலாந்திலேயே யாருக்கும் தெரியாத நேரத்தில், அந்த அணியின் ஆட்டத்தை எங்களுக்கு இரண்டாம் தடவை விற்றிருக்கிறீர்கள். உடனேயே எழுத்தில் மறுத்தேன். ஒப்பந்தத்தை இரத்துச் செய்கிறோம், வவுச்சர் வேண்டாம், பணத்தைத் தாருங்கள் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

போன கிழமை, நவம்பர் 2 ஆம் திகதி, அணி திரும்ப ஆடும் என்ற நம்பிக்கையும் முடிந்தது. கார்லோ லிவோல்சி என்ற புதிய முதலீட்டாளர் வந்து அணியைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். அதற்காக நடந்த சூப்பர் லீக் வாக்கெடுப்பில் எதிராக 8, ஆதரவாக 4, ஒருவர் வாக்களிக்கவில்லை. வுல்ஃப்பாக்குக்குச் சூப்பர் லீக்கில் இனி இடம் இல்லை. உங்கள் வவுச்சரில் எழுதியிருக்கும் ஆட்டம் உலகத்தில் எங்கேயும் நடக்கப்போவதில்லை.

இதற்குப் பிறகு அழைத்தபோது, அந்த வவுச்சரை உங்கள் மற்றச் சேவைகளுக்கு, கியூபா சுற்றுலாவுக்கோ கலியாண வீட்டு பஸ்ஸுக்கோ பாவியுங்கள் என்று சொல்லப்பட்டது. இதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. பிள்ளைகளோடு றக்பி பார்க்கக் காசு தந்த, வேலை இழந்த ஒரு மனிதரிடம், கொள்ளைநோய் நேரத்தில் கியூபாவுக்குப் போங்கள் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொன்றையும் நேரடியாகக் கேட்கிறேன். எங்களுக்கான ரிக்கெற்றுகளை நீங்கள் வாங்கினீர்களா? ஜனவரியில் இருந்து ஒரு இருக்கை இலக்கம்கூட எங்களுக்கு வரவில்லை. வாங்கியிருந்தால் அதற்கான பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கும், அதன் பிரதியை அனுப்புங்கள். அந்தப் பணம் உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டதா என்பதையும் சொல்லுங்கள். வாங்கவே இல்லை என்றால், பத்து மாதமாக எங்கள் பணத்தை வைத்திருக்க என்ன காரணம்? பஸ்ஸுக்கு முற்பணம் கட்டிவிட்டோம் என்று மே மாதத்தில் சொன்னீர்கள். அதற்கும் ஆதாரம் கேட்டேன், வரவில்லை. ஆட்டம் தொடங்க முதலே எந்த பஸ்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைக் காட்ட ஒரு தாள் போதும். திரும்பி வராத உண்மையான செலவு ஏதும் இருந்து, அதை ஆதாரத்தோடு காட்டினால், அந்தத் தொகையைப் பற்றிக் கதைக்க எங்கள் குடும்பங்கள் தயார். சாப்பாட்டுக்கு அப்படி எந்தச் செலவும் இருந்திருக்க முடியாது, ஒரு பார்சல்கூடச் சமைக்கப்படவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன திகதி கடந்து 30 நாட்களுக்குள் சேவை தொடங்காவிட்டால் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். இரத்துச் செய்த 15 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். எங்கள் முதல் ஆட்டம் ஏப்ரலில். இரத்துச் செய்வதாக எழுதியது ஓகஸ்டில். இரண்டு கணக்கும் எப்போதோ தாண்டிவிட்டது. இருந்தும் இந்தக் கடிதத்தில் இருந்து இன்னொரு 15 நாள் தருகிறோம்.

நவம்பர் 24 ஆம் திகதிக்குள் 6,270 டொலர் முழுவதும், அல்லது ஆதாரத்தோடு கழித்த மிகுதி, எங்களுக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுவோம், சிறு உரிமைகோரல் நீதிமன்றத்திலும் வழக்குப் போடுவோம். 2020 விதிப்படி அங்கே 35,000 டொலர்வரை கேட்கலாம் என்பதால் எங்கள் தொகைக்குச் சட்டத்தரணி வைக்க வேண்டிய தேவைகூட இல்லை. இதைப் பயமுறுத்தலாக எடுக்க வேண்டாம். 11 குடும்பங்களும் கூடிக் கதைத்து எடுத்த முடிவு இது, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

காசோலையின் பிரதி, உங்கள் பற்றுச்சீட்டு, விளம்பரத் துண்டு, மார்ச்சில் இருந்து போன மின்னஞ்சல்கள், பாவிக்காத வவுச்சர் எல்லாம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பணத்தை ஒரே காசோலையாக என் பெயருக்கு அனுப்பினால் போதும், குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அப்படி முடியாதென்றால் இணைப்பில் உள்ள பெயர்ப்பட்டியலின்படி தனித்தனியாக எழுதுங்கள். ஓய்வூதியத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்களின் பெயர்களைப் பட்டியலின் மேலே போட்டிருக்கிறேன். பகுதி பகுதியாகத்தான் தர முடியும் என்றால் அவர்களில் இருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள வாடிக்கையாளர்
(11 குடும்பங்களின் சார்பில்)