பொன்னாடைக்குப் பதில் பூட்ஸ்

கேரளத்தின் இடுக்கி மலையில் காந்தளூர், மறையூர் வட்டாரத்து ரிசார்ட், ஹோம்ஸ்டே முதலாளிமார்களுக்கும் ஊர்த் திருவிழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், மலைத்தீ அணைக்கப் போகிற பையன்களில் ஒருவன் எழுதுவது. வணக்கம்.

போன மாசியில் மேடை போட்டு எங்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினீர்கள். சந்தோஷம். நான் நொண்டிக்கொண்டே மேடை ஏறியதைச் சிலர் கவனித்திருக்கலாம். அதற்கு நாலு நாள் முன்னால் ராத்திரி, மேட்டுப் புல்லில் தீ அடித்துக்கொண்டிருந்தபோது என் ரப்பர் செருப்பின் அடி இளகித் தரையோடு ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு சாம்பலில் ஓடினேன். அந்தப் பொன்னாடை இப்போது வீட்டில் விதைப்பூண்டு மூட்டையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. குத்திக்காட்டச் சொல்லவில்லை. எங்களுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூணாறிலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பினால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து வரவேண்டும். வந்தாலும் ரோட்டோடு நின்றுவிடும். தீ இருப்பதோ ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஏறிப் போகிற புல்மேட்டில். அங்கே ஹோஸும் போகாது, தண்ணீரும் கிடையாது. போகிறது ஆள்தான். வனத்துறை வாட்சர்கள், மலைக்குடியிலிருந்து வருகிற முதுவான் பழங்குடியினர், பிறகு நாங்கள். கையில் பச்சைத் தழை, அரிவாள், பூண்டுக் காட்டுக்கு மருந்தடிக்கிற 16 லிட்டர் டேங்க். அந்த டேங்கை எத்தனை முறை கழுவினாலும் மருந்து வாடை போகாது. சூட்டில் அந்த ஆவியும் சேர்ந்துதான் மூக்கில் ஏறும்.

நம் பக்கத்துத் தீயைப் பற்றி விருந்தாளிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குமா தெரியாது? தை பிறந்தால் புல் காய்ந்துவிடும். தைலப்புல் பெயருக்கேற்றபடி எண்ணெய் ஊற்றினது மாதிரி எரியும். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்துப் பட்டை, நெருப்போடு பறந்து அடுத்த மேட்டில் போய் விழும். தீ எப்போதும் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மனுஷனுக்கு நேர் எதிர், சரிவு கூடக் கூட அவன் மெதுவாவான். அன்று ராத்திரி காற்று திரும்பியபோது நாங்கள் மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்தோம். குடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “எரிஞ்ச எடத்துக்குள்ள வாடா” என்று கத்தினார். ஏற்கனவே எரிந்து கருகின தரையில் மறுபடி எரிய ஒன்றும் இல்லையே. அதற்குள் போய் நின்றோம். தீ எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்த ஒரு வார்த்தை தெரியாமல்தான் அதுவரை மூன்று வருஷம் தீ அடிக்கப் போயிருக்கிறேன்.

2018 மார்ச் 11 யாருக்கும் மறந்திருக்காது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழு குரங்கணிப் பக்கம் தீயில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், பெரும்பாலும் இளவயசு. அன்றைக்கும் முதலில் மேலே ஓடியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள், எல்லாம் நம் ஜனம். அந்தச் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. தீயோ மண்ணோ, மலையில் முதல் சில மணி நேரம் பக்கத்தில் இருக்கிறவன் கையில்தான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத் தீயணைப்புத் துறை ஒவ்வொரு நிலையத்தோடும் 50 பேர் வீதம் சிவில் டிஃபென்ஸ் தொண்டர்களைச் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் அது கைக்கெட்டும்.

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 1736-லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் அப்படி ஒரு கூட்டம் சேர்த்தார். மலையோரத்துச் சின்ன ஊர்களில் தீயணைப்புக் கூடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலை தோசை மாதிரி ஒன்று சுட்டுப் போட்டு, சாப்பிட வருகிறவர்களிடம் காசு திரட்டுகிறார்கள். சில இடங்களில் பூட்ஸையே உண்டியலாக நீட்டுவார்களாம். இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. சோறு போட்டுக் காசு சேர்ப்பதை நமக்கு யாராவது சொல்லித்தரவேண்டுமா? மொய் எழுதி எழுதித் தேய்ந்த கை இது.

ஆகவே கேட்கிறேன். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது தீக்கு என்று ஒரு தொகையைச் சேர்த்துப் போடுங்கள். வாண வேடிக்கைக்குப் போவதில் பாதி போதும். (தீயணைக்கிற பையன்களுக்கு மரியாதை செய்த அதே மேடைக்குப் பின்னால் வாணம் விட்டதை நான் மறக்கவில்லை. பொறி எங்கே போய் விழுந்தது என்று பார்க்க நாங்கள் இரண்டு பேர் போனோம்.)

ரிசார்ட் முதலாளிமார்களே, 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் காந்தளூருக்குச் சிறந்த சுற்றுலா கிராமம் என்று தங்க விருது கொடுத்தது. அதை போர்டில் போட்டிருக்கிறீர்கள், அதற்குக் கீழேயே ‘கேம்ப் ஃபயர் உண்டு’ என்றும் போட்டிருக்கிறீர்கள். அறைக்கு ஒரு ராத்திரிக்கு இருபது ரூபாய் தீக்கணக்கில் வையுங்கள். பத்து அறை, மாதம் பதினைந்து நாள் நிறைந்தால் மூவாயிரம் ரூபாய். விருந்தாளி முணுமுணுக்க மாட்டார். மாசி, பங்குனியில் கேம்ப் ஃபயரை நிறுத்துங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

தோல் பூட்ஸ், தலையில் மாட்டுகிற லைட், ரப்பர் பட்டை வைத்த தீயடிக்கும் மட்டை, தண்ணீருக்கென்றே தனி டேங்க், தீ தாண்டாமல் இருக்கப் புல்லைச் சீவிவிடுகிற ஃபயர் லைன் வெட்ட ஒரு மெஷின், ஆளுக்கு ஒரு விபத்துக் காப்பீடு. இவ்வளவுதான். ஜீப் வேண்டாம், ஓட்டுநர் சங்கத்து அண்ணன்கள் எப்போதும் காசு வாங்காமல்தான் ஏற்றிவிடுகிறார்கள்.

பணத்தை எங்கள் கையில் தரவேண்டாம். இரண்டு வருஷம் முன்னால் டீக்கடையில் உண்டியல் வைத்து வசூலித்தோமே, அதற்கு ஒழுங்காகக் கணக்கு எழுதவில்லை. டீசலுக்கும் பரோட்டாவுக்கும் போனது உண்மை, ஆனால் சீட்டு இல்லை. அது எங்கள் தப்பு. இந்த முறை கமிட்டியிலிருந்து ஒருவர், விடுதிக்காரர் ஒருவர், எங்களில் ஒருவர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று பேங்க் கணக்கு தொடங்குங்கள். வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் மார்கழிக்குள் முடியவேண்டும். எங்கள் இருபத்திரண்டு பேர் கால் அளவையும் எழுதி அதே டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். என் அளவு எட்டு.