போனை வைத்த பிறகு வந்த செய்தி

கடலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

பாப்பாவுக்கு அம்மை இறங்கிவிட்டது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. அம்மா அன்றே பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் ஆப்பில் இணையம் வழியாகப் பேசும் வசதி செய்கிறேன். ஆறு மாதமாக, அதற்கு உதவும் வெப்ஆர்டிசியோடுதான் குடித்தனம். கூகுள் 2011-இல் எல்லாரும் பயன்படுத்தத் திறந்துவிட்ட அதே லைப்ரரி, அதாவது ஆயத்தமான நிரல் தொகுப்பு. உள்ளே எல்லாம் சி++ மொழி. எங்கள் ஆண்ட்ராய்டு ஆப் பிள்ளைகள் எழுதுவது காட்லின் மொழி. வெப்ஆர்டிசியுடன் வரும் ஜாவா வகுப்புகள் எங்களுக்குப் போதவில்லை, அதனால் இரண்டு பக்கத்தையும் இணைக்க நடுவில் இருக்கும் ஜேஎன்ஐ பகுதியை நானே எழுதுகிறேன்.

முதலில் கீழே சி++ பக்கம் இருந்த ஃபங்ஷன்களை ஒன்றுவிடாமல் மேலே காட்லின் பக்கம் ஏற்றிவைத்தேன். அது தப்பு. கூப்பிடு, எடு, மைக்கை அணை, வை: ஆப் எழுதுபவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஓசையைக் கீழேயே விட்டுவிட்டேன். 48 கிலோஹெர்ட்ஸில் 20 மில்லிவிநாடிக்கு 960 சாம்பிள் (ஓசையை அளந்த எண்கள்), விநாடிக்கு ஐம்பது தடவை. அதை ஏன் காட்லின் வரை சுமக்க வேண்டும்? அழைப்பு வந்தது, முடிந்தது என்ற சேதி மட்டும் மேலே வந்தால் போதும்.

ஆனால் அந்தச் சேதிதான் என்னைப் படுத்தி எடுத்தது. பேசி முடித்துப் போனை வைத்ததும் எப்போதாவது ஆப் விழுந்துவிடும். பார்த்தால், திரையை மூடியதும், அந்தச் சேதியை வாங்கும் என் ஆப்ஜெக்டை மெமரியிலிருந்து அழித்துவிடுகிறேன். கீழே தனியாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வேலை, அதாவது த்ரெட், கடைசிச் சேதியை அந்தப் பழைய முகவரிக்கே கொண்டுவருகிறது. சரி, கீழே ஓடுவது நிற்கும் வரை ‘வை’ காத்திருக்கட்டும் என்று மாற்றினேன். அப்புறம் ஒரு பையன், சேதி வந்ததும் அந்த த்ரெட் கூப்பிடும் கால்பேக்குக்கு உள்ளிருந்தே ‘வை’யைக் கூப்பிட்டான். அந்த த்ரெட் தான் முடிவதற்குத் தானே காத்திருந்தது. போன் அப்படியே உறைந்துவிட்டது!

இப்போது கீழிருந்து வரும் சேதியை, ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் எங்கள் வரிசையில் போட்டுவிட்டு அந்த த்ரெட் உடனே திரும்பிவிடும். ‘வை’யும் அதே வரிசையில்தான் வரும். மூன்று வாரமாக ஒருமுறைகூட விழவில்லை. யார் எதை எப்போது அழிக்கலாம் என்பதை, ஆப் எழுதுபவர் கூப்பிடுவதற்காக நாம் கொடுக்கும் ஏபிஐயே பார்த்துக்கொள்ள வேண்டும்டா. அதை ஆப் எழுதுகிற பிள்ளைகள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

நேற்று சாயங்காலம் பண்ருட்டியில் இருக்கும் அக்காவோடு எங்கள் ஆப்பில் பேசிக்கொண்டே வீட்டைவிட்டு இறங்கினேன். தெருமுனையில் வைஃபை போய் மொபைல் டேட்டா வந்தது. போனின் இணைய முகவரியான ஐபி மாறியதும் குரல் நின்றது. வெப்ஆர்டிசியின் ஐசிஇ ரீஸ்டார்ட் இரண்டு போன்களுக்கும் இடையே புது வழியைத் தேடிப் பிடிக்கும் வரை கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். ‘...பலாப்பழம் அறுத்தாச்சு, வந்து எடுத்துட்டுப் போ’ என்று அக்கா குரல் திரும்ப வந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஐபோன் பக்கம் இன்னும் தொடவில்லை. ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழி உனக்குப் பழக்கம் ஆயிற்றே, அங்கே ‘வை’யை எப்படி அமைப்பாய் என்று எழுது. பொங்கலுக்கு வரும்போது உன் ஐபோனைக் கொண்டுவா, தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டே சோதித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்